மழையிலும் பனியிலும் முட்டை வரவு

தறியும் ஏரும் நம் சங்க அங்கத்தினர்களின் முதன்மையான தொழில்கள். அவற்றிற்குத் துணையாகப் பெரும்பாலான இல்லங்களின் புறக்கடையில் நான்கு முதல் பத்துக் கோழிகள் வரை வளர்ந்து வருகின்றன. இதனை ஒரு தொழில் என்று எவரும் சொல்லிக்கொள்வதில்லை. எனினும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும், எதிர்பாராமல் வரும் மருந்துச் செலவுக்கும் இல்லத்தரசி பிறரிடம் கை நீட்டாமல் காசு எடுத்துத் தருவது முட்டை விற்றுச் சேர்த்த முடிப்பிலிருந்தே. வளரும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் கடைக்குச் செல்லாமல் கிடைக்கும் சத்துணவும் அதுவே.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியவுடன் இவ்வரவு சுருங்கத் தலைப்படுகிறது. அதே மாதங்களில் நம் மற்ற வரவுகளும் சுருங்குகின்றன. தறிக்குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் இல்லை. உழவர் வீட்டிலோ சம்பாப் பயிர் வயலில் நிற்க, குதிரில் உள்ள நெல் அடிமட்டத்தைத் தொட்டுவிடுகிறது. ஒரு முட்டையின் விலையும் கணக்கில் வரும் அந்த நாட்களில் கோழியும் கை விரித்துவிடுகிறது. "குளிர் வந்துவிட்டது, இனித் தை பிறந்தால்தான் முட்டை" என்று நாமும் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம்.

அவ்வாறு ஆறுதல் கொள்ள வேண்டுவதில்லை. கோழி முட்டை நிறுத்துவதற்குரிய காரணங்களுள் பெரும்பாலானவை நம் கையால் நீக்கத்தக்கவை. ஆனால் அவற்றை மழை வந்தபின் நீக்க முயல்வது, கரை உடைந்தபின் மண் தேடுவதைப் போன்றது. மார்கழியில் வேண்டிய முட்டைக்கு மாசியிலிருந்தே ஆயத்தம் செய்தல் வேண்டும். அஃது எவ்வாறு என்பதை இங்கே முறையாக விளக்குவோம்.

குளிர்தான் காரணமா?

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 சென்டிகிரேடு பாகை. நன்கு உலர்ந்த இறகுப் போர்வையை உடைய பறவை குளிரை எளிதில் தாங்கிக்கொள்ளும். நம் சமவெளி ஊர்கள் பெரும்பாலானவற்றில் மார்கழி இரவிலும் வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இக்குளிர் உலர்ந்த இறகுகளையுடைய கோழிக்கு ஒரு பொருட்டன்று. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் பல இலட்சம் கோழிகள் இதே மார்கழியில் குறைவின்றி முட்டையிடுகின்றன என்பதை யாவரும் அறிவர். வானம் அவற்றிற்கும் நமக்கும் பொதுவே. வேறுபாடு கூரையிலும், தீனியிலும், விளக்கிலும், நோய்த் தடுப்பிலும் உள்ளது.

கோழி வளர்ப்பைப் பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களில் குளிர்கால முட்டைக்கு விளக்கொளியே முதன்மையான மருந்தாகக் கூறப்பட்டிருக்கும். அது அவர்கள் நாட்டிற்குப் பொருத்தமானது. இலண்டன் நகரில் டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டிய பகல் ஏறத்தாழ 7 மணி 50 நிமிடமே. ஜூன் மாதத்து நீண்ட பகலோ 16 மணி 38 நிமிடம். சென்னையில் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். மிக நீண்ட பகல் 12 மணி 55 நிமிடம். அங்கே வேறுபாடு ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. இங்கே ஒன்றரை மணி மட்டுமே. ஆதலால் விளக்கு ஒன்றை மாட்டிவிட்டு முட்டையை எதிர்பார்ப்பது நம் நாட்டுக்கு ஏற்ற வழியன்று. இங்கே முதற் பகை ஈரம், இரண்டாவது அரைவயிற்றுத் தீனி, மூன்றாவதே ஒளிக்குறைவு.

முட்டை உருவாகும் விதம்

முட்டை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கோழியின் சினைப்பையில் மஞ்சள் கரு முதிர்வதற்கு ஏறத்தாழ 10 நாட்கள் ஆகின்றன. முதிர்ந்த கரு சினைக்குழாயில் இறங்கி, வெண்கருவும் ஓடும் பெற்று வெளிவருவதற்கு ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே செல்கிறது. ஒவ்வோர் ஓட்டிலும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணச் சத்து உள்ளது. ஓட்டினுள் இருக்கும் பொருளில் முக்கால் பங்கு நீர்.

நாள்தோறும் இவ்வளவு பொருளைத் தன் உடலிலிருந்து எடுத்துத் தரும் கோழி, முதலில் தன் உயிரைக் காத்துக்கொள்ளும். பின்னர் உடல் வெப்பத்தையும் இறகையும் காக்கும். எஞ்சியதைக் கொண்டே முட்டையிடும். வீட்டுக்கு வைத்துக்கொண்டு மிஞ்சிய நெல்லைச் சந்தைக்கு அனுப்பும் குடியானவனைப் போன்றது அது. மிச்சம் இல்லையெனில் சந்தைக்கு அனுப்புவது முதலில் நிற்கும். நனைந்த கோழிக்குத் தின்ற தீனி முழுவதும் உடலைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

மஞ்சள் கரு முதிர 10 நாட்கள் ஆவதால், இன்று நாம் செய்யும் சீர்திருத்தத்தின் பயன் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே கூடையில் தெரியும். நான்கு நாள் நல்ல தீனி வைத்துவிட்டு, "ஒன்றும் பயனில்லை" என்று கைவிடுதல் கூடாது.

ஈரத்தை விலக்குதல்

இரவில் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூடும் வழக்கம் வெயில் காலத்திற்கு ஏற்றது. மழைக்காலத்தில் மண் தரையின் ஈரம் கோழியின் வயிற்றையும் கால்களையும் இரவு முழுவதும் நனைத்துக்கொண்டிருக்கும். ஆகையால் தரைக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு அடி உயரத்தில் கால் நாட்டிய சிறு கூண்டு வேண்டும். ஒரு கோழிக்கு 2 சதுர அடி வீதம், 10 கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். மூங்கிற் பிளாச்சும் பனங்கையும் தென்னங்கீற்றும் நம் ஊர்களில் கிடைப்பவையே. கூரையின் இறவாரம் நான்கு புறமும் 2 அடியேனும் வெளியே நீண்டிருந்தால்தான் சாரல் உள்ளே வாராது.

வாடைக்காற்றும் கொண்டல்காற்றும் வீசும் வடக்கு, கிழக்குப் புறங்களில் சாக்குப் படுதா தொங்கவிடுக. அதுவும் கோழி அமரும் உயரம் வரையில் மட்டுமே இருக்க வேண்டும். மேற்புறத்தில் காற்று உலவ ஒரு சாண் இடைவெளி விடுதல் அவசியம். குளிருக்கு அஞ்சிக் கூண்டை முழுவதும் மூடினால், எச்சத்திலிருந்து எழும் காரநெடி உள்ளேயே தங்கிக் கண்ணையும் மூச்சுக் குழலையும் கெடுக்கும். காலையில் கூண்டைத் திறந்தவுடன் நம் கண் எரிந்தால், இரவெல்லாம் உள்ளேயிருந்த கோழியின் துன்பத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

கோழிகளைத் தரையிலேயே அடைக்க நேர்ந்தால் ஆழ்கூள முறை சிறந்தது. உலர்ந்த உமி, கடலைத் தோல் அல்லது தென்னை நார்க்கழிவை நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்திற்குப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் கூளம் உதிர வேண்டும். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அப்பொழுது ஈரப்பகுதியை நீக்கிச் சிறிது நீற்றுச் சுண்ணாம்பு கலந்து புதுக் கூளம் பரப்புக. மழைக்காலத்தில் உலர்ந்த உமி தேடினாலும் கிடைக்காது. புரட்டாசியிலேயே நான்கு மூட்டை கட்டி வைத்தல் அறிவுடைமை. பழைய கூளம் தோட்டத்திற்கு நல்ல உரம்.

ஒரு மூலையில் மழை படாத இடத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு தட்டுப் போல் குவித்து வைத்தால், கோழிகள் அதில் புரண்டு பேனையும் செள்ளையும் தாமே உதிர்த்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தெருப்புழுதி செய்யும் இவ்வுதவியை மழைக்காலத்தில் நாம்தான் செய்தாக வேண்டும்.

தீனி

நாட்டுக்கோழி தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. அறுவடைக் களத்தில் நெல் சிந்திக் கிடக்கும் தை, மாசி மாதங்களில் அது முழு உண்மை. ஐப்பசி, கார்த்திகையில் களத்தில் சிந்தும் தானியமில்லை. வீட்டிலும் நொய் குறைவு. அடைமழையில் கோழி திண்ணை ஓரத்தில் ஒடுங்கி நிற்பதால் மேயும் நேரமும் குறைவு. தையில் முட்டை மீண்டும் தொடங்குவதற்குப் பகல் நீளுவது மட்டுமன்றிக் களத்து நெல்லும் ஒரு காரணம்.

ஆகவே மழைக்காலத்தில் மேய்ச்சலுக்கு மேல் நாளொன்றுக்குக் கோழிக்கு 50 முதல் 60 கிராம் வரை கலப்புத் தீனி அளித்தல் வேண்டும். வெளியே விட இயலாத நாட்களில் 100 முதல் 120 கிராம் வரை தேவைப்படும். பத்துக் கிலோ கலப்புத் தீனி வீட்டிலேயே தயாரிக்கும் முறை வருமாறு:

கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளக் குருணை 5 கிலோ; அரிசித் தவிடு 2 கிலோ; கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ; உப்பிடாமல் உலர்த்திய மீன்தூள் 700 கிராம்; கிளிஞ்சல் தூள் 600 கிராம்; தாதுஉப்புக் கலவை 170 கிராம்; சமையல் உப்பு 30 கிராம். சாதாரணக் கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் அதனை இதில் சேர்த்தல் ஆகாது. உப்பு மிகின் கோழி மடியும். கிளிஞ்சல் கலந்த இத்தீனியை முட்டையிடும் கோழிக்கு மட்டுமே தருக. வளரும் குஞ்சுகளின் சிறுநீரகத்தை மிகுதியான சுண்ணச் சத்து கெடுத்துவிடும். குஞ்சுகளும் கூடவே மேயும் வீட்டில் கிளிஞ்சலைத் தீனியில் கலவாமல் தனிச் சட்டியில், குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால், முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவை மாலையில் தானே கொத்திக்கொள்ளும்.

செலவைக் குறைக்க வழிகள் பல உண்டு. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் கட்டித் தொங்கவிட்டால் கோழி விரும்பிக் கொத்தும். பழைய சாக்கு, வைக்கோல், உலர்ந்த சாணம் ஆகியவற்றைப் பானையில் திணித்து நீர் தெளித்துக் கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்து, விடியற்காலையில் எடுத்துக் கோழி முன் கொட்டும் வழக்கம் நம் முன்னோர் கண்டது. புலால் சத்துக்கு அதனினும் மலிவான வழி இல்லை. ஆனால் பூச்சிமருந்து தெளித்த இடத்தில் அதனைச் செய்தல் கூடாது. பட்டு நூற்கும் ஊர்களில் கிடைக்கும் கூட்டுப்புழுவை எண்ணெய் நீக்கி உலர்த்தித் தூளாக்கினால், மீன்தூளுக்கு மாற்றாகச் சேர்க்கலாம்.

மழைக்காலத்துத் தீனியில் பேரிடர் பூஞ்சணம். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. ஆராய்ந்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் படர்ந்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்பது தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்னும் அந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. காய்ச்சினாலும் அது எளிதில் அழிவதில்லை. எனவே புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வைக்கவும். பச்சை நிறமோ முடை நாற்றமோ கண்ட புண்ணாக்கைக் "கோழிக்குத்தானே" என்று எண்ணிப் போடாமல் புதைத்துவிடவும்.

தண்ணீரை மறத்தல் ஆகாது. ஒரு கோழி நாள்தோறும் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் பருகுகிறது. எங்கும் மழைநீர் தேங்கியிருக்கையில் தனியே தண்ணீர் வைப்பானேன் என்று எண்ணுவது தவறு. தேங்கிய நீரே வயிற்றுக்கழிச்சலுக்குப் பிறப்பிடம்.

நெசவாளர் இல்லங்களுக்கு மட்டும் இரண்டொரு எச்சரிக்கை. சாயக் கழிவுநீர் தேங்கும் இடத்தில் கோழியை மேய விடற்க. மயில்துத்தம் முதலியன சேர்த்த பாவுக் கஞ்சியின் மீதியைக் கோழிக்கு ஊற்றுதல் கேடு. நூற்கழிவைக் கண்டபடி எறிந்தால் அது கோழியின் விரல்களில் சுற்றிக்கொண்டு காலை அறுக்கும். விழுங்கினால் இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். தறிமேடையின் அருகே ஒரு கூடை வைத்து இழைத் துண்டுகளை அதில் இடும் பழக்கம் கோழிக்கும் நல்லது, வீட்டுக்கும் அழகு.

ஒளி

நாள் நீளுகிறதா குறுகுகிறதா என்பதைக் கோழி கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளி மூளையின் உட்பகுதியைத் தூண்ட, அங்கிருந்து செல்லும் சுரப்பிகளின் ஆணையால் சினைப்பை இயங்குகிறது. ஃபிரான்சு நாட்டறிஞர் பெனுவா என்பவர் 1930களில் வாத்துகளைக் கொண்டு ஒளியின் இவ்வியல்பை ஆராய்ந்து காட்டினார். மிகுதியான முட்டைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி ஏற்றது.

இங்கே செலவில்லாத சீர்திருத்தம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் நாம் காலை எட்டு மணி வரை கூண்டைத் திறப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கே அடைத்துவிடுகிறோம். கூண்டும் இருட்டறையாக இருந்தால் கோழிக்குக் கிடைக்கும் ஒளி 9 மணி நேரமே. இயற்கை குறைத்தது சிறிது. நாம் குறைத்தது பெரிது. விடியலில் கூண்டைத் திறப்பதும், வெளியே விட இயலாத நாளில் வெளிச்சம் புகும் கம்பிவலைக் கூண்டில் வைப்பதும் முதற்படி.

அடுத்த படியாக விளக்கு வைக்க விரும்புவோர், 20 சதுர அடிக் கூண்டுக்கு 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று வைத்தால் போதும். அதனை விடியலுக்கு முன் ஏற்றுதல் நலம். மாலையில் ஏற்றித் திடீரென அணைத்தால், கோழிகள் பரணில் ஏற இயலாமல் இருட்டில் தடுமாறும். முதல் வாரம் அரை மணி, அடுத்த வாரம் ஒரு மணி என்று படிப்படியாக உயர்த்தி, மொத்த ஒளி 14 மணி நேரமாகும் அளவில் நிறுத்துக. தொடங்கியபின் இடையில் திடீரென நிறுத்தினால் கோழி இறகு உதிர்த்து முட்டையை விட்டுவிடும். நான்கரை மாதம் நிரம்பாத பெட்டைகளுக்கு விளக்கு வைக்கலாகாது. உடல் முதிருமுன் முட்டையிடத் தொடங்கி நலிந்துவிடும். அரைவயிற்றுக் கோழிக்கும் விளக்கு கேடே. மின்கம்பி மழையில் நனையாதவாறு பாதுகாப்பாக அமைத்தல் வேண்டும். கீற்றும் கூளமும் உள்ள கூண்டில் மண்ணெண்ணெய் விளக்கு எக்காரணம் கொண்டும் கூடாது.

உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நிலை வேறு. அங்கே உறைபனி படியும் இரவுகளும் உண்டு. கூளத்தின் கனத்தை மிகுதியாக்குவதும், மாலைத் தீனியில் முழுத் தானியம் சேர்ப்பதும், காலையில் வெதுவெதுப்பான நீர் வைப்பதும் அங்குக் கட்டாயமாகச் செய்யத்தக்கவை.

இறகு உதிர்தலும் அடையும்

ஓராண்டு முட்டையிட்ட கோழி, பெரும்பாலும் புரட்டாசி முதல் கார்த்திகை வரையில், பழைய இறகை உதிர்த்துப் புது இறகு பூணும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. ஆதலால் அக்காலத்தில் முட்டைக்குப் புரதம் எஞ்சுவதில்லை. இது நோயன்று, தடுக்கவும் முயல வேண்டா. நல்ல தீனி கொடுத்தால் விரைவில் முடியும். ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்க: முன்னதாகவே உதிர்க்கத் தொடங்கி மூன்று மாதம் இழுத்தடிப்பது மந்தமான கோழி, பிந்தி உதிர்த்து விரைவில் தேறுவது நல்ல கோழி. அதன் முட்டையையே அடைவைக்கத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதலாண்டுப் பெட்டைகள் அவ்வாண்டு இறகு உதிர்ப்பதில்லை. எனவே மழைக்கால முட்டைக்கு நம்பத்தக்கவை அவையே. நாட்டுக்கோழிப் பெட்டை ஆறு அல்லது ஏழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். மாசியில் பொரித்த குஞ்சு ஆவணி, புரட்டாசியில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் இடும். ஹைதராபாத்து ஆராய்ச்சி நிலையத்தார் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களையும், நம் மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய நந்தனம் கோழியையும் வளர்ப்போர் பங்குனி, சித்திரையில் குஞ்சு வாங்குதல் பொருத்தம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும்; இவ்வினங்கள் அதனினும் மிகுதியாக இடும். ஆயினும் அடைகாப்பதற்கும் குஞ்சு காப்பதற்கும் நாட்டுக்கோழிக்கு ஈடு இல்லை. இரண்டும் கலந்து வைத்திருப்பதே சிக்கனம்.

அடைக்கு அமர்ந்த கோழி முட்டையிடாது. அடைகாக்க 21 நாட்கள். பின்னர்க் குஞ்சுகளுடன் திரியும் காலம் இரண்டு மூன்று மாதம். ஐப்பசியில் அடை வைத்தால் அந்தக் கோழியின் முட்டை தை வரையில் இல்லை; ஈரத்தில் குஞ்சுகளும் பிழைப்பது அரிது. எனவே மழைக்காலத்தில் அடை தெளியவைத்தலே நன்று. மூக்கில் இறகைச் செருகுவதும் நீரில் முக்குவதும் வதை. காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள கம்பிக் கூண்டில், கூளமோ கூடையோ இல்லாமல், தீனியும் நீரும் குறையாமல் வைத்து நான்கைந்து நாட்கள் தனியே விட்டால் அடை தானே தெளியும்.

முட்டையிடாத கோழியைக் கண்டறிவதும் எளிது. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து மெத்தென்றிருக்கும். பின்புறத்து இடுப்பெலும்புகளின் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும். கொண்டை சுருங்கி வெளிறி, ஒரு விரலும் நுழையாதது தற்போது இடாதது. முதிர்ந்த கோழிகளையும் மிகுதியான சேவல்களையும் தீபாவளிச் சந்தைக்கு அனுப்பிவிட்டால் நல்ல விலையும் கிடைக்கும். அவை தின்னும் தீனி மழைக்காலம் முழுவதற்கும் மிச்சமாகும்.

வேறொன்றும் உண்டு. சில வேளைகளில் கோழி முட்டையிடுவதை நிறுத்தியிராது. நனைந்த கூடையை வெறுத்து வைக்கோற்போரின் இடுக்கில் இட்டுக்கொண்டிருக்கும். நான்கைந்து கோழிகளுக்கு ஒன்று வீதம், இருளான மூலையில், உலர்ந்த வைக்கோல் இட்ட கூடையோ வாயகன்ற பானையோ வைத்தால் முட்டை பாம்புக்கும் கீரிக்கும் இரையாகாமல் நம் கைக்கு வரும்.

நோய்த் தடுப்பும் கூட்டுறவும்

இதுகாறும் கூறியவை அனைத்தையும் ஒரே வாரத்தில் வீணாக்கவல்லது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1920களின் இறுதியில் கண்டறியப்பட்டமையால் நம் நாட்டில் இப்பெயர் பெற்றது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பதே வழி. குஞ்சு பொரித்த 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சொட்டு மருந்து. 8ஆம் வாரத்தில் இறக்கைத் தோலின் அடியில் ஊசி. அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. அம்மையைப் பரப்புவது கொசுவாதலால் மழைக்கு முன் அதனைப் போட்டுக்கொள்வது நலம். ஆவணியில் கால்நடை மருத்துவரைக் கலந்து குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்தல் வேண்டும். இறந்த கோழியைக் குப்பையிலோ ஓடையிலோ எறியாமல் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

தடுப்பு மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போடும் அளவில் வருகிறது. குளிர்ச்சியில் வைத்துக் காக்க வேண்டிய அம்மருந்தைக் கரைத்துவிட்டால் இரண்டொரு மணி நேரத்துள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் பயன்படாது. எட்டுக் கோழி வைத்திருப்பவர் தனியே குப்பி வாங்குவது வீண். அதனால் வாங்காமலே விட்டுவிடுகிறார். ஒரு வீட்டில் புகுந்த கழிச்சலோ, வேலி தாண்டி அடுத்த வீட்டுக்கும் பரவி, தெரு முழுவதையும் வெறுமையாக்குகிறது. ஆதலின் நோய்த் தடுப்பைத் தனியொருவர் காரியமாகக் கொள்ளாமல் தெருவின் பொதுக்காரியமாகக் கொள்ள வேண்டும். பதினைந்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக் கால்நடை மருந்தகத்தை நாடினால் ஒரே குப்பியில் அனைவர் கோழிகளும் காப்புப் பெறும். தீனிக்குரிய புண்ணாக்கையும் மீன்தூளையும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்குவதும், முட்டைகளை ஓரிடத்தில் சேர்த்து விற்பதும் இதனை ஒட்டி எளிதாகும். நூலை ஒன்றாக வாங்கித் துணியை ஒன்றாக விற்கக் கற்ற நமக்கு இது புதிதன்று.

வரவு செலவு

பயன் என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மேம்பட்ட இனத்துப் பெட்டைகள் 10 இருப்பதாகக் கொள்வோம். மழையும் பனியும் உள்ள 12 வாரங்களில் வாரத்திற்குக் கோழி ஒன்றுக்கு 3 முட்டை வீதம் 360 முட்டைகள். நாளொன்றுக்கு 60 கிராம் வீதம் மேலதிகமாகச் செலவாகும் தீனி ஏறத்தாழ 50 கிலோ. அதாவது முட்டை ஒன்றுக்குத் தீனி 140 கிராம். தம் ஊரில் 140 கிராம் தீனி என்ன விலை, ஒரு முட்டை என்ன விலை என்று ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு பழைய நோட்டில் நாள்தோறும் முட்டைக் கணக்கை எழுதி வருவது எக்காலத்தும் நன்று.

மாதவாரியாகச் செய்ய வேண்டுவன

மாசி, பங்குனி: நல்ல கோழியின் முட்டையை அடைவைத்தல், குஞ்சு வாங்குதல், முதல் தடுப்பு மருந்து.
சித்திரை, வைகாசி: குஞ்சுகளுக்கு நிழலும் நீரும், எட்டாம் வாரத் தடுப்பூசி.
ஆனி, ஆடி: கூண்டின் கூரை வேய்தல், கால் நாட்டுதல்.
ஆவணி: குடற்புழு நீக்கம், அம்மைத் தடுப்பூசி.
புரட்டாசி: உமியும் தீனியும் சேமித்தல், இடாத கோழிகளைத் தனியே பிரித்தல், ஒளியைப் படிப்படியாகக் கூட்டத் தொடங்குதல்.
ஐப்பசி, கார்த்திகை: முதிர்ந்தவற்றைத் தீபாவளிக்கு விற்றல்; கூளம் கிளறுதல்; அடை தெளிவித்தல்.
மார்கழி: விடியலில் திறத்தல், தீனி குறையாமை.

தறி ஓடாத நாளில் வீட்டில் உள்ளோர் முகம் வாடியிருக்கும். அந்நாளில் புறக்கடையிலிருந்து கேட்கும் கொக்கரிப்பு, அன்றைய உப்பு புளிக்கு வழி பிறந்தது என்னும் செய்தியாகும். அச்செய்தி வரும் மழைக்காலத்தில் ஒவ்வோர் அங்கத்தினர் இல்லத்திலும் கேட்க வேண்டுமெனில், வெயில் உள்ளபோதே கூரையும் குஞ்சும் தீனியும் தேடுவோமாக.